கிராணி ஐயா படித்த துரைப் பேச்சு

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி ஐயா ஒரு நாளைக்கு எத்தனை தடவை "பிழை" என்று சொல்வார் என்று நானும் என் சிநேகிதி அஞ்சலையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தோம். விடியற்காலையில் வேலையாட்கள் வரிசையாக நிற்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது தொடங்கினோம். ரப்பர் பால் நிறுக்கிற நேரத்துக்குள் இருபத்தாறு ஆகிவிட்டது. அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியாமல் எண்ணிக்கை விட்டுப்போனது.

நாங்கள் எல்லாரும் "தப்பு" என்போம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அவருக்கு அது "பிழை". சத்தம் போட்டும் சொல்ல மாட்டார். காதில் செருகிய பென்சிலை எடுத்து ஆளுக்கு நேராக நீட்டி, மெல்லச் சொல்வார். பிறகு சரியானது எது என்று சொல்வார். சொல்லிவிட்டுப் பென்சிலைப் பழையபடி காதில் வைத்துக்கொள்வார். திட்டு கிடையாது, அடி கிடையாது. ஆனாலும் கங்காணியின் பிரம்புக்குப் பயந்ததைவிட அந்தப் பென்சிலுக்குத்தான் நாங்கள் அதிகம் பயந்தோம்.

மாரியம்மன் திருவிழாவில் பூசாரி நடுக் கோயிலில் நின்று, "இந்த வருசம் ஆத்தாளுக்கு அம்பத்தோரு பால்குடம்!" என்று கூவினார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பென்சில் நீண்டது.

"பிழை. நாற்பத்தொன்பது."

"ஐயா, சாமி காரியத்துல எண்ணிக்கை பாக்கக் கூடாதுங்க."

"ஏன், சாமிக்கு எண்ணத் தெரியாதோ?"

பூசாரி மறுபடி கூவினார், நாற்பத்தொன்பது என்று. மறுபடி கூவினார், நாற்பத்தொன்பது என்று. அன்றைக்குக் கிராணி ஐயாவைத் திட்டாத ஆள் இல்லை. என் அம்மா மட்டும் திட்டவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

அம்மா பெயர் மகமாயி. பழைய கிராணி, ஆட்கள் பெயர் எழுதுகிற செக்ரோல் புத்தகத்தில் முத்தாயி என்று எழுதிவிட்டார். பன்னிரண்டு வருசம் அம்மா தினமும் காலையில் இன்னொருத்தி பெயருக்குக் கை தூக்கினாள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயம். இந்தக் கிராணி ஐயா வந்த முதல் வாரம், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்தில், யாரோ அம்மாவை மகமாயி என்று கூப்பிட்டது அவர் காதில் விழுந்தது. அன்று சாயங்காலமே ஆபீசுக்கு வரச் சொன்னார். அம்மா நடுங்கிக்கொண்டு போனாள். அவர் செக்ரோலைத் திறந்து, பழைய பெயரின் மேல் ஒரு கோடு போட்டு, புதிதாக எழுதி, படித்தும் காட்டினார். "இவ்வளவு காலமும் பிழை. இனிச் சரி" என்றார். அம்மா வீட்டுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். ஏன் அழுகிறாய் என்றால், "ஒண்ணுமில்லடி, நாந்தான் வந்துட்டேன்" என்றாள்.

ஆள் எப்படி என்றால், ஒல்லி. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, வெயில் என்றாலும் மழை என்றாலும் கையில் குடை. மழைக்காலம் வந்துவிட்டால் நெஞ்சு இழுக்கும். அவர் மூச்சு விடுவது ஆபீசுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கும். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையிடம் பேசும்போது முதுகு கொஞ்சம் வளையும், குரல் இன்னும் தணியும். அதுவும் தப்பைக் கண்டுவிட்டால் நிமிர்ந்துவிடும். துரை எழுதிய கடிதத்திலேயே ஒருமுறை இரண்டு இடத்தில் பிழை காட்டினாராம். துரை சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

பிறகு சண்டை மூண்டு ஜப்பான்காரன் வந்தான். துரை ஒரு பெட்டியோடு காரில் ஏறிச் சிங்கப்பூர் பக்கம் போய்விட்டார். பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவன் வந்து உட்கார்ந்தான், அவனைத் 'துவான்' என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும். ரப்பரை வாங்க ஆளில்லை. மரத்தை வெட்டி மரவள்ளி நட்டோம். மூன்று வேளையும் அந்தக் கிழங்குதான். புடவை கிழிந்ததும் சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்டோம். இங்கிலீசு பேசக் கூடாது என்று உத்தரவு. கிராணி ஐயா புத்தகங்களை எல்லாம் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ஒரு காலை அந்த அதிகாரி தானே ஆட்களை எண்ணினான். நூற்று நான்கு என்றான். பென்சில் வெளியே வந்துவிட்டது.

"துவான், பிழை. நூற்று மூன்று."

பளாரென்று ஓர் அறை. உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் இரத்தம் சொட்டியது. கிராணி ஐயா கீழே விழுந்த பென்சிலைக் குனிந்து எடுத்து, துடைத்து, காதில் வைத்துக்கொண்டு, "நூற்று மூன்று, துவான்" என்றார். அவன் மறுபடி எண்ணினான். நூற்று மூன்றுதான் இருந்தது. திரும்பி நடந்துவிட்டான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, இந்த மனுசன் ஒரு நாள் இந்தப் பென்சிலாலேயே சாகப் போகிறார் என்று பயமாகவும் இருந்தது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இரண்டு வருசம்தான் பள்ளிக்கூடம் போனவள். ஆனால் நான்கு வருசம் துரை பங்களாக் குசினியில் வேலை பார்த்தவள். சீனக் குக்கு சமைப்பார், நான் கோப்பை கழுவுவேன், காய் நறுக்குவேன், மேசைக்கு எடுத்துப் போய்க் கொடுப்பேன். துரை பேசினதெல்லாம் என் காதில் விழும். அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு தடவை கேட்டால் அப்படியே வாயில் வந்துவிடும். துரை முட்டை வேகவில்லை என்று குக்கைத் திட்டுவதை, துரை போன பிறகு குசினியில் நான் திட்டிக் காட்டுவேன். குக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

துரை பேச்சு வேறு, அவர் பெண்சாதி துரைசாணி பேச்சு வேறு. அது எனக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. துரைசாணி பேசினால் வாய்க்கால் தண்ணீர் மாதிரி வழவழவென்று ஓடும். துரை பேசினால் கல் ரோட்டில் மாட்டு வண்டி போகிற மாதிரி கடகடவென்று உருளும். துரைசாணியே துரையின் பேச்சைக் கிண்டல் பண்ணுவாள். அவர் ஸ்காட்லாந்து பக்கத்து ஆள், அங்கே இங்கிலீசை அப்படித்தான் பேசுவார்கள் என்று பிற்பாடு கிராணி ஐயா எனக்குச் சொன்னார். நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான்.

அது எப்படி வந்தது என்றால், ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு லாரி ஆட்கள் போயிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு காகிதம் கூட வரவில்லை. அடுத்த லாரிக்கு உத்தரவு வந்தபோது, ஆட்களுக்குப் பெயர் எழுத ஒரு கிராணியும் போக வேண்டும் என்றார்கள். தோட்டத்தில் கிராணி ஒருவர்தான். இழுப்பு நெஞ்சோடு அவர் அந்தக் காட்டுக்குப் போனால் திரும்ப மாட்டார் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் பெண்சாதி கிராணியம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். முன்னால் இரண்டு தங்காமல் போனது.

அந்தச் சமயம் சிரம்பான் டவுனில் ஒரு நாடகக் கம்பெனி கட்டினார்கள். வெள்ளைக்காரன் எங்களை எப்படி ஆட்டி வைத்தான் என்று தோட்டம் தோட்டமாகப் போய் ஆடிக் காட்ட வேண்டும், அதற்கு ஜப்பான்காரன் அனுமதி. நாடகத்தில் துரை வேசத்துக்கு, துரை மாதிரியே இங்கிலீசு பேசுகிற ஆள் வேண்டும், சிரம்பானை ஒட்டின ரஹாங்கில் வைத்துப் பேசச் சொல்லிப் பார்த்து எடுப்பார்கள் என்று செய்தி வந்தது. எடுத்த ஆளுக்கு ஒரு காகிதம் கொடுப்பார்கள். அந்தக் காகிதம் இருந்தால் சயாம் கிடையாது.

கிராணியம்மா லயத்துக்கு வந்தாள். கிராணி வீட்டம்மா லயத்துப் படி ஏறி அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. அம்மா பதறிப் போய்ப் பலகையைத் துடைத்துப் போட்டாள். கிராணியம்மா உட்காரவில்லை.

"பிள்ளை, நீ துரை கதைக்கிற மாதிரிக் கதைப்பியாம். குக்கு சொன்னவர்."

"சும்மா வெளையாட்டுக்கும்மா."

"எங்கட வீட்டுக்காரருக்கு அதைச் சொல்லிக் குடுப்பியோ?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "குடுப்பா" என்றாள். என்னைக் கேட்கவே இல்லை.

பேச்சுப் படித்தது பழைய புகைக் கூடத்தில். ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கிற கட்டடம். வேலை நின்றதிலிருந்து பூட்டிக் கிடந்தது. சுவர் தடிப்பு, சன்னல் கிடையாது, உள்ளே பேசினால் வெளியே கேட்காது. மத்தியானம் எல்லாரும் கிழங்கு அவிக்கப் போகிற நேரம் நாங்கள் உள்ளே போவோம். துணைக்குக் கிராணியம்மா வாசலில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருப்பாள், யாராவது வந்தால் இருமுவதற்கு.

முதல் நாளே சண்டை. காலையில் பெரட்டில் துரை கேட்பதை நான் பேசிக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"பிழை."

"என்னங்கய்யா தப்பு?"

"ஓம் எண்டதுக்கு 'யெஸ்' எண்டு சொல்ல வேணும். நீ 'ஐ' எண்டு சொல்லுறாய். புத்தகத்தில அப்பிடி இல்லை."

"தொர 'ஐ'ன்னுதான் சொல்வாரு. நாலு வருசமா ஒருநாளும் 'யெஸ்' சொல்லி நான் கேட்டதில்ல."

"அது துரை செய்யிற பிழை."

"ஐயா, ரஹாங்குல புத்தகத்தையா தேடுறாங்க? தொரையத்தான தேடுறாங்க?"

வாசலில் கிராணியம்மா இருமினாள். யாரும் வரவில்லை, சிரிப்பை மறைக்க இருமினாள்.

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. அந்த மனுசனுக்குத் தெரிந்து ஒரு தப்பைச் செய்வது என்பது முள்ளை விழுங்குகிற மாதிரி. ஒவ்வொரு சொல்லையும் துரை மாதிரி உருட்டிவிட்டு, உடனே முகத்தைச் சுளித்து, சரியான மாதிரி இன்னொரு தடவை மெல்லச் சொல்லிக்கொள்வார். வாய் கொப்புளிக்கிற மாதிரி. அப்படிச் செய்யக் கூடாது என்று சொன்னேன். "தெரியும் பிள்ளை, ஆனால் அது அப்பிடியே கிடக்க விட ஏலாமல் கிடக்கு" என்றார்.

துரை வாயில் எப்போதும் புகை பிடிக்கிற சுங்கான் இருக்கும். அதைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார். அதனால் மரவள்ளித் தண்டு ஒரு சாண் வெட்டிக் கொடுத்துக் கடிக்கச் சொன்னேன். நாக்கு மெல்லத் திருந்தியது. ஒரு வாரத்தில் சொல் எல்லாம் துரை சொல்தான். ஆனால் கேட்டால் துரை மாதிரி இல்லை. கிராணி ஐயா துரை சொல்லைச் சொல்கிற மாதிரி இருந்தது. எனக்கு எங்கே கோளாறு என்று தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அவர் நிற்பதைப் பார்த்தேன். முதுகு வளைந்திருந்தது. துரையைப் பற்றி நினைத்ததுமே உடம்பு துரைக்கு முன்னால் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

"ஐயா, நிமுந்து நில்லுங்க. தொர யாரு முன்னாடியும் குனிஞ்சு நான் பாத்ததில்ல."

நிமிர்ந்தார். பேசத் தொடங்கினதும் மறுபடி வளைந்தது. அது அவருக்கே தெரியவில்லை. துரைமார் முன்னால் நின்று நின்று வந்த பதினெட்டு வருச வளைவு, ஒரு வாரத்தில் நிமிருமா? லாரி வர எட்டு நாள்தான் இருந்தது. அன்று அவர் போன பிறகு நான் புகைக் கூடத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, இந்த ஆளுக்கு இது வராது, நான்தான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அழுதேன். கிராணியம்மா என் தலையைத் தடவிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அந்த வாரம் சிரம்பானில் அரிசி கொடுப்பதாகச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து மாட்டு வண்டி போனது. அதில் கிராணி ஐயாவும் ஏறினார், நானும் ஏறினேன். கிராணியம்மாவால் அந்த வண்டி ஆட்டம் தாங்க முடியாது. கடைசி வரை பக்கத்திலிருந்து கேள் என்று சொல்லி என்னை அனுப்பினாள்.

ரஹாங்கில் ஒரு பழைய பள்ளிக்கூட மண்டபம். உள்ளே நாடக வாத்தியார், அவருக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான் அதிகாரி, அவர்கள் பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு தமிழ் ஆள். வெளியே அந்த மண்டபத்து முற்றத்திலேதான் அரிசிக்கு வரிசை. பல தோட்டத்து ஆட்கள், வெயிலில், சாக்கும் கையுமாக. சன்னல் எல்லாம் திறந்திருந்தது.

துரை வேசத்துக்கு வந்தவர்கள் பத்துப் பேருக்குக் குறையாது. ரஹாங்கிலேயே ஒரு பள்ளி வாத்தியார், தம்பின் ஊர்ப் பக்கத்து ரயில் கிளார்க் ஒருவர், எல்லாரும் படித்த ஆட்கள். நாடக வாத்தியார் ஒரு துணியைக் குறுக்கே கட்டி வைத்திருந்தார்.

"எல்லாரும் என்னை மாதிரி கறுப்பு. மூஞ்சியைப் பார்த்தா எனக்குத் தொர தெரிய மாட்டான். ஒவ்வொருத்தரா துணிக்குப் பின்னால போய்ப் பேசுங்க. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கேக்குறேன்" என்றார்.

எல்லாருக்கும் ஒரே தாள், நாடகத்தில் துரை பேசுகிற பேச்சு. பள்ளி வாத்தியார் படித்தார், பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது. ரயில் கிளார்க் படித்தார், ரயில் வருகிற நேரம் சொல்கிற மாதிரி இருந்தது. நாடக வாத்தியார் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

கிராணி ஐயா தாளை வாங்கிக்கொண்டு துணிக்குப் பின்னால் போனார். நான் மண்டபத்துக்குள் பக்கத்துச் சன்னலோரம் நின்றேன், அங்கிருந்து அவரும் தெரிவார், முற்றமும் தெரியும். முதுகு வளைந்துதான் இருந்தது. ஒரு வரி படித்தார். துரை சொல்தான், கிராணி குரல்தான். இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சார் நின்னுட்டீங்க?" என்றார் நாடக வாத்தியார்.

தாள் கிராணி ஐயாவின் கண்ணுக்கு இன்னும் கிட்டப் போனது.

"படிங்க சார். எல்லாரும் படிச்சதுதானே."

நான் கிராணி ஐயாவின் கை காதுக்குப் போவதைப் பார்த்தேன். முதுகு நிமிர்ந்தது. தாடை முன்னால் வந்தது. அவ்வளவு பெரிய சத்தம் அந்த நெஞ்சுக்குள்ளிருந்து வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இங்கிலீசில் கத்தினார். உருட்டி, கடித்து, எச்சில் தெறிக்க. தாளில் இருந்ததை இல்லை, தாளைத்தான் திட்டினார். அர்த்தம் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தாளில், கொட்டுகிற மழையில் போய் மரம் வெட்டுங்கள் என்று துரை ஆட்களை விரட்டுகிற மாதிரி எழுதியிருந்ததாம். மரம் வெட்டுவது என்றால் பாலுக்காகப் பட்டையைக் கீறுவது; மழையில் கீறினால் கோப்பையில் தண்ணீர்தான் நிற்கும், பால் எல்லாம் மரத்தோடு ஒழுகிப் போகும். மழை தூறினாலே துரை தானே வெட்டை நிறுத்திவிடுவார். டவுனில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது தெரியவில்லை. "எந்த மடையன் இதை எழுதினவன்? எந்தத் தோட்டத்தில் மழையில் மரம் வெட்டுகிறார்கள்? அவனைக் கூப்பிடு என் முன்னால்!" இதுதான் அவர் கத்தினது.

அவர் கத்தத் தொடங்கினதும் நான் பார்த்தது அவரை இல்லை. முற்றத்தை.

துரை குரல் கேட்டால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டும், வாயில் வெற்றிலை இருந்தால் துப்ப வேண்டும், பாதையை விட்டு ஒதுங்க வேண்டும். அது எந்தத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். பிறந்ததிலிருந்து செய்வதால் யோசித்துச் செய்வதில்லை. சன்னல் வழியாக அந்தக் குரல் போனதும், வரிசையில் நின்ற அத்தனை ஆண்களும் தலைத்துண்டை இழுத்துவிட்டார்கள். துப்புகிற சத்தம் வரிசை முழுக்கக் கேட்டது. என் அப்பா உயிரோடு இருந்தால் இருக்கிற வயதில் ஒரு பெரியவர், சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு முதலில் பெருமை. உச்சந்தலை வரை பெருமை. அந்தப் பெரியவரைப் பார்த்ததும் அது எங்கோ போய்விட்டது.

நாடக வாத்தியார் கண்ணைத் திறந்து, சன்னலுக்கு ஓடி வந்து, வெளியே பார்த்து, "கெடச்சிட்டான்யா தொர!" என்று துள்ளினார்.

ஜப்பான் அதிகாரி துள்ளவில்லை. அவனும் சன்னலுக்கு வந்து பார்த்தான். முகம் கறுத்துவிட்டது. மெல்ல ஏதோ சொன்னான். பேச்சு மாற்றுகிற ஆள் எச்சிலை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"எங்களுக்குக் குனிய இவங்களை எத்தனை அடி அடிக்க வேண்டியிருக்கு, ஓடிப்போன வெள்ளைக்காரன் குரலுக்கு அடிக்காமலே குனியறாங்களேன்னு துவான் கேக்குறாரு. ஒங்களுக்கு இந்தப் பேச்சை யாரு கத்துக் குடுத்ததுன்னும் கேக்குறாரு. வெள்ளைக்காரனோட எவ்வளவு நெருக்கம்னு கேக்குறாரு."

பள்ளியில் படித்தேன் என்று சொல்லிவிட்டால் கேள்வி அதோடு முடிந்தது. வேறு எவராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். கிராணி ஐயா துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"உந்தப் பிள்ளை."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாக்குப் பாவாடை, வெறுங்கால், எண்ணெய் காணாத தலை.

"துரையின்ர குசினியில கோப்பை கழுவின பிள்ளை. இவதான் எனக்கு ஆசிரியர். நான் படிச்ச இங்கிலீசு இதுக்கு உதவேல்லை" என்றார்.

அதிகாரி என் பக்கம் வந்தான். பேசிக் காட்டு என்று கையால் சைகை செய்தான். நான் கிராணி ஐயாவைப் பார்த்தேன். அவர் தன் முதுகைத் தொட்டுக் காட்டினார். நிமிர்ந்தேன். அவனைக் குசினியில் கழுவக் கிடக்கிற ஒரு தட்டாக நினைத்துக்கொண்டேன். இரண்டு கையையும் பின்னால் கட்டி, முட்டை வேகாததற்குக் குக்கைத் திட்டுகிற திட்டை, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, ஜப்பான் அதிகாரியின் மூக்குக்கு நேராகத் திட்டினேன். என்ன சொல்கிறேன் என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இங்கிலீசு தெரிந்த பத்துப் பேருக்கும் மூச்சு நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

நான் முடித்ததும் அவன் என்னையே பார்த்தான். பிறகு உதடு ஆடியது. அப்புறம் சிரித்தான் பாருங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஈர்க்குச்சி மாதிரி ஒரு பெண்ணிடமிருந்து கிழட்டு ஆம்பிளைக் குரல் வந்தால் எந்த நாட்டானுக்கும் சிரிப்புத்தான். அவன் சிரித்ததும் மண்டபமே சிரித்தது. சிரித்துக்கொண்டே நாடக வாத்தியாரிடம் கையை ஆட்டினான், எழுதிக் கொடு என்று.

அங்கேயாவது கிராணி ஐயா வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம். நாடக வாத்தியார் காகிதத்தில் அவர் பெயர் எழுதி, பேச்சுத் தானே கற்றது என்று எழுதினார். பென்சில் நீண்டது.

"பிழை."

"ஐயா, வாங்கிக்கிட்டு வாங்கய்யா!" என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. நாடக வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டு, அந்த வரியை அடித்துவிட்டு, கற்றுக் கொடுத்தவர் தைலம்மை என்று என் பெயரை எழுதினார். நாடகத் தாளில் இருந்த மழை வெட்டைத் திருத்துவதாகவும் ஒத்துக்கொண்ட பிறகுதான் கிராணி ஐயா காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

வண்டியில் திரும்பினோம். கோலா சாவா ஊரைத் தாண்டியதும், அவர் தனக்குத் தானே பேசுகிற மாதிரி, "அந்த மனுசர் கும்பிட்டிருக்கக் கூடாது, பிள்ளை" என்றார். அவரும் பார்த்திருக்கிறார்.

கிராணி வீட்டுக்குப் போனபோது வெயில் இருந்தது. கிராணியம்மா வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டாள்.

"பிள்ளை, போறாரோ?"

"போகலம்மா. காகிதம் பையில இருக்கு."

அவள் உள்ளே போனாள். சயாமுக்கென்று கட்டி வைத்திருந்த மூட்டையை எடுத்து வந்து, வாசலிலேயே உட்கார்ந்து அவிழ்த்தாள். இரண்டு பனியன், ஒரு வேட்டி, இழுப்புக்கு ஒரு புட்டி மருந்து, அடியில் ஒரு கம்பளி. கம்பளி என் அம்மாவுடையது. காட்டில் குளிருமே என்று அம்மா கொடுத்து அனுப்பியிருக்கிறாள், என்னிடம் சொல்லவே இல்லை. கிராணியம்மா பனியனைக் கொடியில் போட்டுவிட்டு வந்து, கம்பளியை உதறி, நாலாக மடித்து, என் கையில் கொடுத்தாள். கொடுத்த கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து கிராணி ஐயா, மூட்டையிலிருந்து எடுத்த பனியனை அவள் தப்பான கொடியில் போட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு நடந்தேன். என்னடி ஆச்சு, என்னடி ஆச்சு என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் துரைப் பேச்சிலேயே பதில் சொன்னேன், கையைப் பின்னால் கட்டி, தாடையை நீட்டி. சிரித்தார்கள். அஞ்சலை வீட்டுத் திருப்பம் வந்தது. அங்கிருந்து வரிசையாக ஆறு வீடு, சயாமுக்குப் போகிற லாரிக்குப் பெயர் எழுதின வீடுகள். அஞ்சலையின் அண்ணன் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். என் மாமா வீடு கடைசி வீடு. நான் கையை முன்னால் எடுத்துக்கொண்டேன். அந்த ஆறு வீட்டையும் தாண்டுகிற வரை வாயைத் திறக்காமல் நடந்து போனேன்.